வீட்டு விளக்குமாறும் திருவலகுதான்



சமய வகுப்புப் பாடம் என்றவுடன் திருவிழா, விரதம், புராணம் என்று எதிர்பார்ப்பீர்கள். இந்த மாதப் பாடம் அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. துணி துவைப்பது, சந்தைக்குப் போவது, பாத்திரம் கழுவுவது, குப்பை பிரிப்பது. வேலைக்குப் போகாத ஒரு நாளில் நம் வீட்டில் நடக்கும் இந்தக் காரியங்களுக்கும் நம் சமயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கப் போகிறோம்.

ஏன் இந்தத் தலைப்பை எடுத்தேன் தெரியுமா? கோயிலில் சிரமதானம் என்று அறிவித்தால் காலை 7 மணிக்கே நம் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். மண்டபத்தைக் கழுவுகிறார்கள், அண்டா தேய்க்கிறார்கள், அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். அப்படி அண்டா தேய்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பியிடம், "வீட்லயும் இப்படித்தான் தேய்ப்பியா?" என்று கேட்டேன். "வீட்லயா? அதெல்லாம் அம்மா பாத்துக்குவாங்க அண்ணே," என்றான். கூச்சமே இல்லாமல் சொன்னான். அவன் சோம்பேறியும் இல்லை, கெட்ட பிள்ளையும் இல்லை. கோயிலில் செய்வது தொண்டு, வீட்டில் செய்வது வெறும் வேலை என்று யாரோ அவனுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினை சரிதானா?

முதல் படி எங்கே இருக்கிறது?

இறைவனை அடையச் சைவ சித்தாந்தம் நான்கு படிகளைச் சொல்கிறது: சரியை, கிரியை, யோகம், ஞானம். முதல் படியான சரியை உடம்பால் செய்யும் தொண்டு. கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப் பறிப்பது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது, அடியார்களுக்குப் பணி செய்வது எல்லாம் இதில் அடங்கும். தாச மார்க்கம் என்றும் இதற்குப் பெயர். நால்வரில் திருநாவுக்கரசரை இந்த மார்க்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு. அவர் படத்தைப் பாருங்கள், கையில் உழவாரம் இருக்கும். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி அது. அவ்வளவு பெரிய புலவர், ஆனால் அடையாளமாக அவர் கையில் இருப்பது ஓலையும் எழுத்தாணியும் அல்ல, புல் செதுக்கும் கருவி.

அவருக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அக்கா திலகவதியார். தம்பி சமண சமயத்தில் சேர்ந்து போய்விட்ட காலத்தில், அக்கா திருவதிகைக் கோயிலில் தினமும் கூட்டி, மெழுகி, மாலை கட்டித் தொண்டு செய்துகொண்டிருந்தார். சூலை நோய் தாங்க முடியாமல் தம்பி இரவோடு இரவாக அக்காவைத் தேடி வருகிறார். அக்கா என்ன செய்தார்? திருநீறு கொடுத்தார். விடிவதற்கு முன் வழக்கம்போல் கோயிலைக் கூட்டத் திருவலகையும், மெழுகுவதற்கான தோண்டியையும் எடுத்துக்கொண்டு தம்பியையும் கூட அழைத்துப் போனார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரிய புராணத்தில் இது இப்படித்தான் வருகிறது. திருவலகு என்றால் வேறொன்றும் இல்லை, கோயிலைக் கூட்டும் விளக்குமாறு.

இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். அன்று அக்காவுக்கு எவ்வளவு பெரிய நாள்! பல வருடம் வேண்டிக்கொண்ட தம்பி திரும்பி வந்துவிட்டான். ஆனாலும் அன்றைய கூட்டுற வேலையை அவர் விடவில்லை. அந்த வேலைக்குப் போகிற வழியில்தான் தம்பியின் வாழ்க்கையே மாறுகிறது.

கோயிலுக்கு வெளியே நடந்த இரண்டு கதைகள்

"அண்ணே, அதெல்லாம் கோயில் வேலைதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் 63 நாயன்மார்களில் இன்னும் இருவரைப் பார்ப்போம்.

காஞ்சிபுரத்தில் இருந்த திருக்குறிப்புத் தொண்டர் சலவைத் தொழிலாளி. அடியார்களின் துணியைத் துவைத்துக் கொடுப்பதுதான் அவர் தொண்டு. ஒரு குளிர்காலத்தில் இறைவன் ஏழைக் கிழவராக, அழுக்குக் கந்தையோடு வருகிறார். "பொழுது சாயறதுக்குள்ள காய வச்சுக் கொடுத்துடணும், குளிர் தாங்காது" என்பது பேச்சு. இவரும் ஒப்புக்கொண்டு துவைத்துவிட்டார். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. துணி காயவில்லை, பொழுது சாய்கிறது. கிழவர் குளிரில் நடுங்குவாரே என்று துடித்துத் துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போனபோது இறைவனின் கை தடுத்தது.

இளையான்குடி மாற நாயனார் கதையிலும் மழை வருகிறது. நடு இரவு. வீட்டில் ஒரு மணி அரிசி இல்லாத நேரத்தில் ஓர் அடியார் பசியோடு வருகிறார். மாறனார் மழையிலும் இருட்டிலும் நடந்து போய், அன்று பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வருகிறார். அடுப்பெரிக்க விறகு இல்லை என்றதும் கூரைக் கட்டையை அறுத்துக் கொடுக்கிறார். தோட்டத்துக் கீரையைப் பறித்து வருகிறார். மனைவியார் நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கி, ஒரே கீரையைப் பல விதக் கறியாகச் சமைக்கிறார்.

இந்த இரண்டு கதையும் எங்கே நடக்கின்றன? ஒன்று துணி துவைக்கும் துறையில், இன்னொன்று வீட்டு அடுப்படியில். கோயில் வாசலே இதில் வரவில்லை. இன்னொன்றும் பாருங்கள். மாறனார் வீட்டில் மனைவி மட்டும் ஓடியாடிக் கொண்டிருக்கவில்லை. விதை கொண்டுவந்தது, விறகு கொடுத்தது, கீரை பறித்தது எல்லாம் அவர். "சமைச்சு வை, நான் உக்காந்திருக்கேன்" என்று அவர் சொல்லவில்லை.

"அங்கே வந்தது அடியார், நம்ம வீட்ல இருக்கறது நம்ம குடும்பந்தானே?" என்று இன்னொரு கேள்வி வரும். அதற்கு வள்ளுவரிடம் பதில் இருக்கிறது. திருக்குறளின் 5ஆம் அதிகாரம் இல்வாழ்க்கை. இல்லறத்தில் இருப்பவர் காக்க வேண்டியவர்களை அங்கே அவர் வரிசைப்படுத்துகிறார்: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். தெய்வமும் சொந்தக்காரரும் ஒரே பட்டியலில். கடைசியில் "தான்" என்று நம்மையும் சேர்த்திருக்கிறார். அதை மறக்காதீர்கள், பின்னால் வேண்டும்.

என் ஞாயிற்றுக்கிழமை

நான் சிரம்பான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு நாள் வேலை செய்கிறவன். ஞாயிறு மட்டும் ஓய்வு. வீட்டில் பாட்டி, அம்மா, தங்கை, நான். பாடத்தை ஏட்டிலேயே விட்டுவிடாமல் ஒரு நாளில் எப்படி வைக்கலாம் என்பதற்காக என் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

காலையில் முதல் வேலை துணி. நம் நாட்டில் காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் இடி இடிக்கும். திருக்குறிப்புத் தொண்டர் பட்ட பாடு நமக்கும் உண்டு. அதனால் 7 மணிக்கே மெஷினில் போட்டுவிடுவேன். வெள்ளை வேட்டியைத் தனியாகப் போட வேண்டும். சாம்பார் கறை பட்ட துணியில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறினால் பயப்படாதீர்கள். மஞ்சளில் இருக்கும் நிறம் சோப்பின் காரம் பட்டால் அப்படித்தான் சிவக்கும். நன்றாக அலசி, ஈரத்தோடு வெயிலில் காயப்போடுங்கள். மஞ்சள் கறை வெயிலுக்குத் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிடும். பாட்டிக்கு இந்த அறிவியல் தெரியாது, ஆனால் வெயிலில் போட வேண்டும் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும்.

துணி காயும்போது சந்தை. கிளம்பும் முன் பிரிட்ஜைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வேன். இதற்கு மூன்று நிமிடம் போதும். எழுதாமல் போனால் வீட்டில் இருக்கிற தக்காளியையே இன்னொரு கிலோ வாங்கி வருவோம், புதன்கிழமை அது அழுகிக் கிடக்கும். அன்னத்தை வீணாக்குவது பாவம் என்று வகுப்பில் சொல்கிறோமே, அந்தப் பாவத்தைத் தடுக்கிற இடம் இந்தத் துண்டுச் சீட்டுதான்.

திரும்பி வந்ததும் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி ஒரு நடை. இது ஏடிஸ் கொசுவுக்காக. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆக, வாரத்துக்கு ஒரு முறை தேங்கிய நீரைக் கொட்டினால் அது பறப்பதற்கு முன்னே அழித்துவிடலாம். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. அந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். காய்ந்து போனாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் வீடுகளில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: துளசிச் செடித் தொட்டியின் அடித்தட்டு, கறிவேப்பிலைத் தொட்டி, பழைய வாளி, சாமி மேடையில் பூ வைக்கிற ஜாடி. ஆமாம், சாமி மேடைதான்! பக்தியோடு வைத்த தண்ணீராக இருந்தாலும் கொசு அதைப் பார்க்காது. கொசு பெருக இடம் கொடுப்பவருக்கு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975இன்படி அபராதமும் உண்டு. அபராதத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வந்தால் நம் பூஜைக்கு என்ன அர்த்தம்?

அடுத்தது குப்பை. 2015 செப்டம்பர் 1 முதல் நெகிரி செம்பிலான் உட்படச் சில மாநிலங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது கட்டாயம். காகிதம், பிளாஸ்டிக், டின், கண்ணாடி ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். பால் டின்னை அலசிப் போடுவது அரை நிமிட வேலை. அலசாமல் போட்டால் அதைக் கையால் எடுக்கிற தொழிலாளிக்கு நாற்றமும் புழுவும். அவரை நாம் பார்த்ததே இல்லை. பார்க்காதவருக்குச் செய்கிற நல்லது என்பதால் எனக்கு இந்த வேலை பிடிக்கும். கீதையின் 3ஆம் அத்தியாயமான கர்ம யோகம் பலனை எதிர்பார்க்காமல் செயலைச் செய்யச் சொல்கிறது. அதைப் பழக வேறு இடம் தேடிப் போக வேண்டாம். பால் டின்னை அலசுபவனுக்கு யாரும் பொன்னாடை போர்த்தப் போவதில்லை!

மத்தியானச் சமையல் ஞாயிறன்று என் பொறுப்பு. ரொம்பப் பெரிய சமையல் இல்லை. சோறு, பருப்பு, ஒரு காய்கறிப் பிரட்டல். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு என்றால் அளவாக வைப்பேன். நம் வெயிலில் அது வெளியே இருந்தால் சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும். சமைத்தவரே அடுப்பையும் துடைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தங்கை பாத்திரம் கழுவுவாள். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வோம்.

சாயங்காலம் பித்தளை விளக்கு. புளியும் கொஞ்சம் உப்பும் போட்டுத் தேய்த்தால் புளியின் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும். கழுவிய உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரத்தை அப்படியே விட்டால் புள்ளி புள்ளியாகப் படிந்துவிடும். பிறகு விளக்கேற்றித் தேவாரம் பாடுவோம். அந்த நேரத்தில் அம்மாவும் வந்து உட்கார்ந்திருப்பார். சமையலறையிலிருந்து, "நீங்க பாடுங்க, நான் வந்துடறேன்," என்ற சத்தம் வராது. நாள் முழுக்கச் செய்த வேலைகளுக்கு இதுதான் பலன் என்று நான் நினைக்கிறேன்.

யாருக்கு ஓய்வு நாள்?

இப்போது பாடத்தின் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

"ஆறு நாள் உழைக்கிறோம். ஒரு நாள் தூங்கக் கூடாதா?" தூங்கலாம். தாராளமாகத் தூங்குங்கள். வள்ளுவர் பட்டியலில் "தான்" இருக்கிறதே! உங்கள் உடம்பைக் காப்பதும் அறம்தான். வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமே சொல்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை நேர வரம்பும் 2023 ஜனவரி 1 முதல் 45 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஓய்வு மனிதனுக்குத் தேவை என்று நாடே ஒப்புக்கொண்ட விஷயம் அது.

ஆனால் அந்தச் சட்டம் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. வீட்டு வேலைக்கு 45 மணி நேர வரம்பு கிடையாது. ஓவர்டைம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. சொல்லப்போனால் எல்லாரும் வீட்டில் இருக்கும் ஞாயிறன்றுதான் அவருக்கு வேலை அதிகம். வெளியே வேலைக்கும் போகிற அம்மாவாக இருந்தால் அந்த ஓய்வு நாளும் அடுப்படியில் போய்விடுகிறது. நம் ஓய்வு வானத்திலிருந்து விழவில்லை. பல வீடுகளில் அது இன்னொருவரின் ஓய்விலிருந்து எடுத்தது.

"அம்மா செய்றதும் தொண்டுதானே? புண்ணியம் அவங்களுக்குத்தானே?" என்று சிலர் சாமர்த்தியமாகக் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அவ்வளவு புண்ணியம் என்றால் உனக்கு வேண்டாமா? அன்னதானத்தன்று வாளி பிடிக்க முண்டியடிக்கிறாயே! தொண்டு என்பது விரும்பி எடுத்துக்கொள்வது. வேறு யாரும் செய்ய மாட்டார்கள் என்பதால் ஒருவர் தலையில் விழுவதற்குச் சுமை என்று பெயர். அந்தச் சுமைக்குத் "தியாகம்" என்று பட்டம் சூட்டிவிட்டு நாம் போய்ப் படுத்துக்கொள்வது சமயம் ஆகாது.

இன்னொரு பேச்சும் உண்டு. "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" இதைச் சில பாட்டிமார்களே சொல்வார்கள், என் பாட்டியும் சொன்னவர்தான். பெரியவர்களோடு சண்டை போட வேண்டாம். அப்பரின் கையில் உழவாரம் இருந்ததையும், காஞ்சிபுரத்தில் துணி துவைத்தவர் ஓர் ஆண் என்பதையும் மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். ஞாபகப்படுத்தியபடியே தட்டையும் கழுவிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அண்ணன் தம்பி பழகும்போது கோணலாகத்தான் கூட்டுவான். "நீ நகரு, நானே செஞ்சிடறேன்," என்று விளக்குமாற்றைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அவன் கடைசி வரை பழக மாட்டான்.

வாடகை அறையில் நண்பர்களோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. நான்கு பேர் இருக்கும் அறையில் யாரோ ஒருவன்தான் எப்போதும் குளியலறையைத் தேய்ப்பான். அவன் யார் என்று உங்களுக்கே தெரியும். ஒருவேளை அவன் முறையை இந்த வாரம் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாரப் பயிற்சி

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு போடுங்கள். அடுத்த ஓய்வு நாளில், காலையிலிருந்து இரவு வரை வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் இடப்பக்கம் எழுதுங்கள். யார் செய்தார் என்பதை வலப்பக்கம் எழுதுங்கள். சின்ன வேலையையும் விட வேண்டாம். தண்ணீர் கொதிக்க வைத்தது, பாட்டி மாத்திரையைப் பிரித்து வைத்தது, காய்ந்த துணியை மடித்தது, நாளைக்கு உளுந்து ஊறப்போட வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டது. ஞாபகம் வைத்துக்கொள்வதும் வேலைதான், அது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எழுதி முடிக்கும்போது ஒரு தாள் போதாது என்று தெரியவரும்.

பிறகு வலப்பக்கத்தில் எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பெயரிலிருந்து ஒரே ஒரு வேலையை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஒன்று போதும், ஆனால் அது நிலையாக இருக்க வேண்டும். இந்த வாரம் மட்டும் எல்லாவற்றையும் செய்து களைத்துவிட்டு, அடுத்த வாரம் ஒன்றும் செய்யாதவரைவிட, ஒரு வேலையை 52 வாரமும் செய்பவர்தான் வீட்டுக்கு உதவி. திலகவதியார் செய்ததும் தினசரித் தொண்டுதான்.

வகுப்பில் கலந்து பேச:

1. சரியைத் தொண்டுகளில் எவை உங்கள் வீட்டிலும் நடக்கின்றன? அவற்றை யார் செய்கிறார்?

2. இளையான்குடி மாற நாயனாரும் அவர் மனைவியாரும் அன்றிரவு செய்த வேலைகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுங்கள். உங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் வேலை அப்படிப் பிரிகிறதா?

3. "தான்" என்பதை வள்ளுவர் ஏன் பட்டியலில் சேர்த்தார்? உங்கள் வீட்டில் யார் அந்த "தான்" என்பதை மறந்தே போனவர்?

மூன்றாவது கேள்விக்கான பதிலை வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய், அந்த நபரிடமே, "ஞாயித்துக்கிழமை நீங்க என்ன செய்ய ஆசைப்படறீங்க?" என்று கேளுங்கள். பதில் உடனே வராமல் போகலாம். பல வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. பொறுமையாகக் காத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் காய்ந்த துணியை மடித்து வையுங்கள்.